தெருவை அறியாத கண்

ஓர் இளைஞன் இன்று ஆடும் ஆட்டத்தைப் பார்த்து, அவன் ஐந்தாண்டு கழித்து ஆடப்போகும் ஆட்டத்துக்கு மதிப்புச் சொல்லும் வேலையில் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த வேலையைச் செய்பவரைத் தேர்வாளர் என்றோ திறன் தேடுபவர் என்றோ அழைக்கிறார்கள். தொழில்முறை அணி ஒன்றின் சார்பில் ஊர் ஊராகப் போய், ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்காத பிள்ளைகளைப் பார்த்து, இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று குறிப்பெழுதுவது அவர் பணி. அவர் தவறக்கூடும் என்பதில் வியப்பில்லை. நாளையைப் பற்றிப் பேசுகிற யாரும் தவறத்தான் செய்வார்கள். அவர் எதை அறிந்திருக்க வேண்டும், எதை அறியாமல் இருக்க வேண்டும் என்பதே தீராத ஐயமாக நிற்கிறது. ஆட்டக்காரனை நெருங்கி அறிந்த கண்தான் அவனைச் சரியாக மதிப்பிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் திசையன்விளை போன்ற ஓர் ஊரில் ஒருவனை நெருங்கி அறிவது என்றால் அவன் பெயரோடு அவன் தெருவையும், தெருவோடு அவன் சாதியையும் சேர்த்தே அறிவதாகிவிடுகிறது. எங்கிருந்தோ வந்து, நாடாவும் நிறுத்தக்கடிகாரமும் வைத்துக்கொண்டு, எவனுடைய பிள்ளை என்று கேளாமல் அளந்துவிட்டுப் போகிறவருக்கு அந்த அறிவு கிடையாது. அது அவருக்குக் குறையா, அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த நன்மையா என்பது எளிதில் முடிவாகிற கேள்வியாகத் தெரியவில்லை.

திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தும் தாமிரபரணியின் பழைய பாசனம் எட்டாத பக்கம் திசையன்விளை. ஆற்றின் உபரி வெள்ளத்தை இந்தப் பக்கம் திருப்ப 2009இல் தொடங்கப்பட்ட கால்வாய்த் திட்டம் எம்.எல். தேரி வரை வந்து முடிகிறது என்பதிலிருந்தே இந்த நிலம் எவ்வளவு காலம் தண்ணீருக்குக் காத்திருந்தது என்று ஊகிக்கலாம். தேரி என்பது காற்று குவித்த செம்மணல் மேடு. கால் வைத்தால் கணுக்கால் வரை உள்வாங்கும், வெயில் ஏறிவிட்டால் வெறுங்காலோடு நிற்க முடியாது. பனையும் முருங்கையும் கிணற்றுத் தண்ணீருமாக இருக்கும் இந்தப் பூமியிலும், தென்கிழக்கே உவரிக் கடற்கரையிலும், வடக்கே இட்டமொழிப் பக்கத்துச் சிற்றூர்களிலும் அம்மன் கோயில் கொடை, தேவாலயத் திருவிழா, பொங்கல் என்று ஏதேனும் ஒன்றை ஒட்டி மின்னொளிக் கபடிப் போட்டி நடக்கும். மாலையில் களத்துக்குத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, கோடுகளைச் சுண்ணாம்பால் இழுத்து, நான்கு மூலையிலும் கம்பு நட்டு விளக்குக் கட்டுவார்கள். எடைப்பிரிவுப் போட்டியாக இருந்தால் ஓரமாக ஓர் எடைமேடை இருக்கும். அரைக் கிலோ கூடிவிட்ட பையன் அந்தக் களத்தையே நாலு சுற்று ஓடி வேர்வை சிந்திவிட்டு மறுபடி ஏறி நிற்பான். ஒலிபெருக்கியில் பேசுகிறவருக்கு ஒவ்வோர் அணியின் ஊரும் தெரியும், ஒவ்வோர் ஆட்டக்காரனின் அப்பாவும் தெரியும். இரவு இரண்டு மணிக்கு அரையிறுதி தொடங்கும்போது எதிரெதிரே நிற்கும் பிள்ளைகள் அதற்குள் மூன்று ஆட்டம் முடித்திருப்பார்கள். தொழில்முறைப் போட்டித் தொடர்களின் தேர்வு முகாம்கள் இந்த நேரத்தில் நடப்பதில்லை. களைத்துப்போன உடம்பில் எஞ்சி நிற்கும் ஆட்டம் எது என்பதைக் காணக் கிடைக்கும் வாய்ப்பு, விடிய விடியக் கண்விழித்து உட்கார்ந்திருக்கும் ஊராருக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது.

கபடியில் எதைப் பார்ப்பது கடினமோ அதைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். பாடி வருகிறவனுக்கு, அதாவது ரைடருக்கு, 30 வினாடி. எதிரே அதிகபட்சம் ஏழு பேர். அவன் கை நீட்டுவதும் துள்ளுவதும் பின்னங்காலால் உதைப்பதும் யார் கண்ணுக்கும் படும். தொட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்டினால் புள்ளி ஏறும், கூட்டம் கத்தும். ஓர் ஓரத்தில் குனிந்து நிற்கும் கார்னர் ஆட்டக்காரன் செய்வதோ பெரும்பாலும் செய்யாமலிருப்பது. ரைடரின் முகத்தை அவன் பார்ப்பதில்லை, முன்னங்காலைப் பார்க்கிறான். அந்தக் கால் தரையில் ஊன்றி, உடம்பின் எடை முழுவதும் அதன்மேல் இறங்கி, மறுகால் இன்னும் எழாமல் இருக்கிற ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில்தான் கணுக்கால் பிடி போட முடியும். அதற்கு முன்னே பாய்ந்தால் ரைடர் காலை இழுத்துக்கொண்டு போய்விடுவான். பின்னே பாய்ந்தால் அவன் தாண்டிவிடுவான். ஆட்டம் முழுக்க இருபது முறை அந்த இடைவெளி வந்தது போலத் தோன்றி, அதில் பதினேழு முறை பாயாமல் அடக்கிக்கொண்டவனே நல்ல கார்னர். பாயாத அந்தப் பதினேழை எந்தப் புள்ளிப்பட்டியலும் எழுதுவதில்லை. இதோடு தரை என்று ஒன்று இருக்கிறது. மணலில் ஆடிப் பழகியவனின் கால் உந்துவதற்குள் மணல் வழிவிட்டுவிடும். அவன் வேகத்தை விட்டுத் தாங்குதலைக் கற்றிருப்பான், விழுவதற்கு அஞ்சமாட்டான். செயற்கை விரிப்பில், காலணியோடு, 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட தொழில்முறைக் களத்தில் அதே கால் உந்தியவுடன் பறக்கிறது. அவன் அறிந்த இடைவெளி அங்கே பாதியாகச் சுருங்கிவிடுகிறது. தேரியில் வளர்ந்த ஒருவனை விரிப்பில் நிறுத்தி ஒரு காலைப்பொழுதில் அளந்தால் அளவில் வருவது அவன் திறமா, அவனுக்கு அந்நியமான தரையா? முகாமில் அவனுக்கு மூன்று ரைடு கொடுக்கிறார்கள் என்றால், தரையைப் புரிந்துகொள்ளவே அந்த மூன்றும் போய்விடும்.

இப்படிப்பட்ட கணிப்பை நூறாண்டுக்கும் மேலாகத் தொழிலாகவே செய்துவருவது அமெரிக்க பேஸ்பால். பந்தை எறிபவரும் மட்டையால் அடிப்பவரும் எதிர்நிற்கும் அந்த ஆட்டத்தில், 1965 முதல் ஆண்டுதோறும் தொழில்முறை அணிகள் பள்ளி, கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. டிராஃப்ட் எனப்படும் இந்தப் பங்கீட்டில், பின்தங்கிய அணிகள் முந்தித் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைப் பெறும். தேர்ந்தெடுக்கப்பட்டவன் வேறு அணியோடு பேரம் பேச முடியாது. ஒவ்வோர் அணியும் நாட்டைப் பல வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு தேர்வாளரை வைத்திருக்கும்; அவர் பரிந்துரைப்பவனை மேலிருந்து இன்னொருவர் வந்து சரிபார்ப்பார். மதிப்பெண் 20இல் தொடங்கி 80இல் முடியும். 50 என்பது மேல்நிலை ஆட்டக்காரரின் சராசரி. பந்தைச் சேர்த்து அடித்தல், தொலைவுக்கு அடிக்கும் வலு, ஓட்டம், எறியும் கையின் வலிமை, களத்தில் பந்தைக் கைக்கொள்ளும் நேர்த்தி ஆகிய ஐந்துக்கும் தனித்தனியே எண் போடுவார்கள், அதிலும் இன்றைய நிலைக்கு ஓர் எண், நாளை எட்டக்கூடிய நிலைக்கு ஓர் எண். இரண்டாவது எண்ணில்தான் எல்லா அவலமும் இருக்கிறது. பில்லி பீன் என்பவரை 1980இல் நியூயார்க் மெட்ஸ் அணி முதல் சுற்றிலேயே எடுத்தது. உயரம், ஓட்டம், கைவலு, முகக்களை என்று தேர்வாளர் விரும்பும் அனைத்தும் அவரிடம் இருந்தன. மேல்நிலையில் அவர் ஆடியது மொத்தம் 148 ஆட்டங்கள். 1990இல் மட்டையை வைத்துவிட்டு அவரே தேர்வாளர் பணிக்குப் போனார். பின்பு ஓக்லண்ட் அணியின் பொது மேலாளராகி, கண்ணை நம்பாமல் கணக்கை நம்பும் ஒரு முறையை முன்னெடுத்தார். தன்மேல் போடப்பட்ட எண்களின் சுமையைத் தாங்கிப் பார்த்த ஒருவர்தான் அதைச் செய்திருக்க முடியும் என்பதை நினைக்கும்போது, அந்த எண்களை இடுகிற கைக்கு எவ்வளவு பொறுப்பு இருக்கிறது என்று புரிகிறது.

எண்களுக்கு அப்பால் தேர்வாளர் எழுதும் இன்னொரு பகுதியும் உண்டு. அது பையனின் குணம் பற்றியது. தோற்றால் எப்படி நடந்துகொள்கிறான், பயிற்சியாளர் திட்டினால் தாங்குகிறானா, வீட்டில் யார் சொல்லுக்கு மதிப்பு என்பதையெல்லாம் அறிய வட்டாரத் தேர்வாளர் அவன் வீட்டுக்கே போவார், பெற்றோரோடு உட்கார்ந்து பேசுவார், ஆசிரியரைக் கேட்பார். அளவுகோலால் எட்ட முடியாததை நெருக்கத்தால் எட்டும் முயற்சி இது. இந்த நெருக்கத்துக்கு ஒரு கொடிய வரலாறும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1947 வரை மேல்நிலை பேஸ்பாலில் கறுப்பினத்தவர் எவரும் ஆட முடியவில்லை. அதற்கு எழுதிய சட்டம் இல்லை, எல்லா அணிகளும் சொல்லாமலே ஒத்துப்போன வழக்கம் மட்டும் இருந்தது. கறுப்பின ஆட்டக்காரர்களின் தனி லீக்குகளில் ஆடியவர்களின் திறம் வெள்ளைத் தேர்வாளர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே எழுதாமல் விட்டார்கள். ஏனெனில் அவர்களுக்கு ஆட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரிந்திருந்தது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவராக இருந்த பிராஞ்ச் ரிக்கி, 1945இல் ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்தபோதுகூட, கையையும் காலையும் பார்த்ததோடு நிறுத்தவில்லை. வசவுகளைக் கேட்டும் திருப்பி அடிக்காமல் நிற்பாரா என்று குணத்தைச் சோதித்தார். வெள்ளையர் எவரிடமும் கேட்கப்படாத தகுதி அது. ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று களமிறங்கினார். அந்தத் தனி லீக்குகளின் மிகப் பெரிய மட்டையாளர் ஜோஷ் கிப்சன் அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜனவரியில், 35ஆம் வயதில் இறந்துபோயிருந்தார். அந்த லீக்குகளின் ஆட்டக்கணக்குகளும் 2024இல் மேல்நிலைப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டபோது, .372 என்ற மட்டைச் சராசரியோடு கிப்சனின் பெயர் எல்லோருக்கும் மேலே போய் நின்றது. அந்தப் பெயரைப் படிக்கும் எவரும் ஒரு கணமாவது கோபப்படாமல் இருக்கக்கூடாது.

நெல்லைச் சீமைக் கபடியைப் பற்றி எழுதுகையில் இந்த அமெரிக்கக் கதை தொலைவில் நடந்ததாகத் தோன்றுவதில்லை. இங்கே ஊர் அணி என்று சொல்லப்படுவது பல இடங்களில் ஒரு தெருவின் அணி. சீருடையின் நிறத்தையும், முதுகில் அச்சிட்ட பெயரையும், அணியின் பெயரில் வரும் தலைவர் யார் என்பதையும் பார்த்த மாத்திரத்தில் களத்தைச் சுற்றி நிற்பவர்கள் எல்லாவற்றையும் படித்துக்கொள்வார்கள். ஒரு பிடி சற்றே முரட்டுத்தனமாக விழுந்தால் அது ஆட்டத்தின் வேகமா, வேறு கணக்கா என்று பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்டு 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்ற மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி, மாரி செல்வராஜ் 2025இல் எடுத்த 'பைசன் காளமாடன்' திரைப்படம் தமிழ்நாடு முழுவதும் இந்த உண்மையைப் பேசவைத்தது. படத்தைப் பார்த்த பலர் சாதிக் கலவரத்தின் நடுவே ஒருவன் எப்படித் தப்பி வந்தான் என்று வியந்தார்கள். அந்த வியப்புக்குள்ளேயே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: ஒருவன் வந்தான் என்றால் வராமல் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களைப் பார்த்த கண்கள் இல்லாமல் இல்லை. மாவட்ட அணிக்கு யாரை அழைப்பது என்று பட்டியல் எழுத உட்காரும் எவருக்கும் இந்தப் பகுதியில் அத்தனை பேரையும் தெரியும். எவன் எந்தப் பக்கம், எவனைச் சேர்த்தால் யார் முகம் சுளிப்பார், எவனை விட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதும் கூடவே தெரியும். யாரும் கேட்கமாட்டார்கள் என்பதற்காகவே விடப்பட்ட பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் பின்னாளில் சேர்க்கப்படப் போவதில்லை, ஏனெனில் அவர்கள் ஆடிய இரவுகளுக்கு ஆட்டக்கணக்கே கிடையாது.

இதனாலேயே ஊராரின் கண்ணை முழுக்க ஒதுக்கிவிட்டு நாடாவையும் கடிகாரத்தையும் மட்டுமே நம்பலாமா என்றால், அங்கேயும் கால் தடுக்குகிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த நடராஜனை, அதே ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ் என்பவர்தான் ஊக்கி, சென்னைக்கு ஆட அனுப்பினார். பின்னாளில் பந்துவீசும் முறையில் ஐயம் எழுப்பப்பட்டு, அதைத் திருத்திக்கொள்ள வேண்டிவந்த காலத்திலும் அவர் கைவிடவில்லை. 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் நடராஜன் திண்டுக்கல் அணிக்கு ஆடினார். 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்ச ரூபாய் அடிப்படை விலையில் இருந்தவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். ஒரு முகாமில் ஒரு காலைப்பொழுதில் அளந்திருந்தால், நெசவுத் தறியும் கூலி வேலையுமாக இருந்த அந்த ஊரின் பையனை யாரும் இவ்வளவு தூரம் தாங்கிப்பிடித்திருக்க முடியாது. ஆண்டுக்கணக்கில் அருகிலிருந்து பார்த்தவருக்கே அது கைகூடியது. சிபாரிசு என்றாலே முகம் சுளிப்பவர்கள் மைக் பியாசா என்ற பேஸ்பால் ஆட்டக்காரரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1988இல் அவரை டாட்ஜர்ஸ் அணி 62ஆம் சுற்றில், 1,390ஆவது ஆளாக எடுத்தது, அதுவும் அவருடைய தந்தை அணிப் பயிற்சியாளர் டாமி லசோர்டாவின் நண்பர் என்பதற்காக. 427 ஹோம் ரன்கள் அடித்து, 2016இல் அந்த ஆட்டத்தின் புகழ்மண்டபத்தில் அவர் இடம்பெற்றார். இன்று அந்த டிராஃப்ட் 20 சுற்றுகளோடு நின்றுவிடுகிறது. ஒரு நட்பின் பொருட்டு எவனுக்கேனும் கொடுக்கக்கூடிய 62ஆம் சுற்றே இல்லை. நெருக்கம் ஒருவனை உயர்த்தும், இன்னொருவனை மூடி மறைக்கும். இரண்டையும் செய்வது ஒரே கண் என்பதுதான் மனத்தைக் குழப்புகிறது.

மறுபுறம், ஒன்றுமே அறியாத அளவையின் தூய வடிவத்தையும் இந்தியா ஒருமுறை பார்த்திருக்கிறது. 2008இல் ஜே. பி. பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க முகவர், பேஸ்பால் என்றால் என்ன என்றே தெரியாத இந்திய இளைஞர்களிடையே பந்தெறியும் போட்டி நடத்தினார். 30,000க்கும் மேற்பட்டோர் எறிந்தார்கள். வேகத்தைக் காட்டும் ரேடார் கருவியும், பந்து விழவேண்டிய கட்டமும் தவிர வேறு எந்த அளவுகோலும் இல்லை. ஊர், சாதி, மொழி, படிப்பு எதையும் யாரும் கேட்கவில்லை. உத்தரப் பிரதேசச் சிற்றூர்களிலிருந்து வந்த, ஈட்டி எறிந்து பழகிய ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இருவர் தேறினார்கள். அதே ஆண்டு இறுதியில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவர்களை ஒப்பந்தம் செய்தது. அமெரிக்காவில் தொழில்முறை பேஸ்பால் ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியர்கள் அவர்கள். இருவரும் கீழ்நிலை அணிகளோடு நின்றுவிட்டார்கள். அவர்களது கையின் வலிமையைக் கருவி பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் மூன்று வயதிலிருந்து அந்தப் பந்தோடு வளர்ந்த ஒருவனுக்கு எதிரே நின்று, அடுத்த பந்தை எங்கே போடுவது என்று தீர்மானிக்கும் அறிவு கையில் இருப்பதில்லை. திசையன்விளைப் பக்கத்துக் கார்னர் ஆட்டக்காரனின் பாயாத பதினேழு தருணங்களைப் போலவே அதுவும் எந்தக் கருவியிலும் விழாது. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்த இரு இளைஞர்களுக்கும் வேறெந்தக் கதவும் அவ்வளவு அகலமாகத் திறந்திருக்காது. அளவை குருடு என்பதாலேயே அவர்கள் உள்ளே வந்தார்கள்.

கபடியில் இப்போது நடப்பது டிராஃப்ட் அன்று, ஏலம். 2014இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது முதல் ஏலத்தில் மிக அதிக விலை போனவர் ராகேஷ் குமார், பாட்னா அணிக்கு 12.8 லட்ச ரூபாய்; 2023இல் பவன் செராவத்துக்குத் தெலுங்கு டைட்டன்ஸ் கொடுத்தது 2.605 கோடி. தமிழ் தலைவாஸ் அணி 2017இல் வந்தது. அதே பருவத்தை ஒட்டிப் புதிய இளம் வீரர்களைத் தேடும் முகாம்களும் நடக்கத் தொடங்கின. பெரிய விலைக்கும் புதிய பிள்ளைகளுக்கும் இடையிலான உறவை 2022ஆம் ஆண்டுப் பருவம் தற்செயலாகக் காட்டிக்கொடுத்தது. அந்த ஏலத்தில் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி கொடுத்து எடுத்த பவன் செராவத், முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயம்பட்டு அந்தப் பருவம் முழுவதும் வெளியே உட்கார நேர்ந்தது. அவர் பாடியிருக்க வேண்டிய ரைடுகள் நரேந்தர் என்ற புதுமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த இளைஞர் தன் முதல் பருவத்திலேயே 200க்கும் மேற்பட்ட ரைடு புள்ளிகளை எடுத்தார், அணி முதல்முறையாக அரையிறுதி கண்டது. அணியில் சேர்த்தவர்களே இவ்வளவை எதிர்பார்த்திருந்தால் 2.26 கோடியை வேறொருவருக்குக் கொடுத்திருக்கமாட்டார்கள். திறம் வெளிப்பட்டது ஒரு கண்ணின் கூர்மையால் அன்று, கைக்கு வந்த ரைடுகளின் எண்ணிக்கையால். முகாமில் கிடைத்த மூன்று ரைடைக் கொண்டு வீட்டுக்குத் திரும்பியவர்களுள் இன்னொரு நரேந்தர் இருந்தாரா என்று கேட்பது வீண் கற்பனை போலத் தோன்றலாம். அவர் இல்லை என்று உறுதியாகச் சொல்லவும் யாராலும் முடியாது.

ஏலத்துக்கு முந்திய தலைமுறைக்கு வேறொரு வழி இருந்தது; அது துறை அணி. ரயில்வே, காவல்துறை, மின்வாரியம், வங்கிகள் ஆகியவை தத்தம் அணிக்கு ஆள் எடுத்தன. அங்கே எடுக்கப்பட்டவனுக்குக் கிடைத்தது ஒரு பருவத்துச் சம்பளம் அன்று, ஓய்வுபெறும் வயது வரைக்குமான வேலை. இருபத்திரண்டில் பாடியவன் முப்பத்தைந்தில் முழங்கால் ஓய்ந்தபின் மேசைக்குப் போனான், மகளைப் படிக்க வைத்தான், ஊருக்கு வந்தால் பிள்ளைகளுக்குப் பிடி சொல்லிக்கொடுத்தான். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருப்பதும் அந்த மரபின் நீட்சியே. ஆட்களைத் தேர்வதில் அங்கும் சிபாரிசு இருந்தது, மேசைக்குப் பின்னால் தெருவை அறிந்த கண்களும் இருந்தன. ஆனால் அந்தத் தேர்வு, பிழையே ஆனாலும், ஒருவனது வாழ்க்கைக்குப் பொறுப்பேற்றுக்கொண்டது. ஏலம் விலையைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறது. மறு ஏலத்தில் பெயர் வாசிக்கப்பட்டு யாரும் பலகை உயர்த்தவில்லை என்றால், அந்த மௌனத்துக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பணத்தின் அளவை மட்டும் வைத்து இவ்விரண்டையும் ஒப்பிடுவது நியாயமில்லை. திசையன்விளைச் சுற்றுவட்டாரத்தில் தேறாத பிள்ளைகள் பெரும்பாலும் சென்னைக்கோ மும்பைக்கோ சொந்தக்காரர் கடைக்குப் போகிறார்கள். அதில் கேவலம் ஏதுமில்லை, இந்தப் பகுதியின் குடும்பங்கள் பல தலைமுறையாக மளிகைக் கடையில் நின்று தலையெடுத்தவை. ஆனால் பதினாறு வயதிலிருந்து இருபத்தொன்று வரை ஒரு கண் வந்து தன்னைப் பார்க்கும் என்று காத்திருந்த ஐந்தாண்டுகளுக்கு அந்தக் கடையில் வரவு வைக்க இடமில்லை.

அந்தக் காத்திருப்பு ஆட்டத்தையும் மாற்றிவிடுகிறது என்பது இன்னொரு கவலை. இப்போது எந்த மின்னொளிப் போட்டியிலும் கோட்டுக்கு வெளியே கைப்பேசிகள் உயர்ந்து நிற்கின்றன. முகாமுக்கு வரமுடியாத தேர்வாளரின் கண்ணுக்கு எப்படியாவது எட்டட்டும் என்று பிள்ளைகள் தங்கள் ரைடுகளை வெட்டித் தொகுத்து அனுப்புகிறார்கள். முப்பது வினாடித் துண்டில் அழகாகத் தெரிவது பாய்ச்சல்தான். அதனால் கார்னரில் நிற்கக் கூடியவனும் பாடவே ஆசைப்படுகிறான்; நிற்க வேண்டிய இடத்தில் பாய்கிறான்; பக்கத்தில் கைகோத்து நிற்பவன் பிடிக்கட்டும் என்று விட்டுக்கொடுக்க வேண்டிய பிடியைத் தானே போட்டுப் பார்க்கிறான். கோத்த கைகளின் ஆட்டம் இது. ஒருவன் காலைப் பிடித்தால் மற்றவன் இடுப்பைத் தள்ளி, இன்னொருவன் கோட்டை மறித்தால்தான் ரைடர் விழுவான். பார்க்கப்படுவதற்காக ஆடத் தொடங்கியவனிடம் தேர்வாளர் எதைக் கண்டு மதிப்பிடுவார்? தான் தேடுகிறார் என்ற செய்தியாலேயே மாறிப்போன ஓர் ஆட்டத்தைத்தான் அவர் கண்டுகொண்டிருக்கிறார். இந்தப் பழியைப் பிள்ளைகள்மேல் போடுவது கொடுமை. இரவு இரண்டு மணி வரை கண்விழித்துப் பார்க்க எவரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தவன், பார்க்கப்படும் அந்த அரை நிமிடத்தில் எதைச் செய்வானோ அதையே செய்கிறான்.

தெருவை அறியாத கண் நியாயமானது, ஆனால் அவசரமானது. தெருவை அறிந்த கண் பொறுமையானது, ஆனால் அதன் பொறுமை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. இவற்றை எப்படிச் சேர்ப்பது என்பதற்குப் பேஸ்பால் நாட்டிலும் விடை கிடைத்துவிடவில்லை. எனினும் இந்தப் பக்கத்தில் செய்யக்கூடியவை என்று சில உண்டு. அவை பெரிய தத்துவங்கள் அல்ல. மாவட்ட அணி, மாநில அணி, தேசியப் போட்டி என்ற படிகளில் ஏறித்தான் பெரும்பாலோர் ஏலத்தின் பட்டியலுக்குப் போகிறார்கள் என்பதால், முதல் படியில் பெயர் எழுதும் கை எது என்பதே எல்லாவற்றிலும் முக்கியமாகிறது. பாளையங்கோட்டையில் தேர்வு என்றால் அந்தச் செய்தி யாருடைய கைப்பேசிக்கு வருகிறது, யாருடைய கைப்பேசிக்கு வருவதில்லை என்று எவரும் கணக்கெடுத்ததில்லை. தேதியும் எடைவரம்பும் வயதுச் சான்றுக்கு என்ன வேண்டும் என்பதும் எல்லா அரசுப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையிலும் பதினைந்து நாள் முன்னதாக ஒட்டப்பட்டால் தெரு குறுக்கே நிற்க முடியாது. வந்தவன் எவனாயினும் அவன் பழகிய மண்ணில் ஒரு நாள், விரிப்பில் ஒரு நாள் என்று ஆடவிட்டு, இருபது ரைடும் இருபது பிடி வாய்ப்பும் கொடுத்துப் பார்க்க முடியும். வெளியூரிலிருந்து ஒருவரும் உள்ளூரிலிருந்து ஒருவருமாகத் தனித்தனியே குறிப்பெழுதி, இருவரும் ஒப்பாத பெயர்களை மட்டும் மூன்றாமவர் மறுபடி பார்க்கலாம். அமெரிக்க அணிகள் சரிபார்ப்பவரை அனுப்புவதும் இதற்குத்தான். எடுக்கப்படாதவனிடம் ஏன் எடுக்கவில்லை என்று இரண்டு வரி எழுதிக் கொடுக்கலாம்: இடது முழங்கால் வளைவது போதவில்லை, முன்னங்காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கிறாய், அடுத்த ஆண்டு வா. இதற்கு ஆகும் செலவு ஒரு தாளும் பத்து நிமிடமும். திசையன்விளையிலிருந்து விடிகாலைப் பேருந்தில் ஏறி வந்தவன், ஒன்றும் சொல்லாமல் திருப்பி அனுப்பப்படுவதற்குப் பதிலாக, அந்தத் தாளையாவது கேட்டு வாங்கிப் போக உரிமையுள்ளவன்.